பெயரிடும் உரிமை: மலேசிய இயற்கைக் கழகத்தின் கல்வி, பதிப்புப் பணிகள் குறித்து லகாட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஈப்போ நகரிலிருந்து மெங்லெம்பு வழியாகத் தெற்கு நோக்கிச் செல்லும் சாலையில் லகாட் அமைந்துள்ளது. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க ஊர்களுள் அதுவும் ஒன்று. 1985-ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபின் இப்பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழில் ஒடுங்கியது. தோண்டப்பட்ட பள்ளங்களில் நீர் நிரம்பி ஈயக்குட்டைகளாயின. அக்குட்டைகளில் இன்று நாரைகள் மேய்கின்றன. கரையோரப் புதர்களில் சம்பங்கோழிகள் நடமாடுகின்றன. மின்கம்பிகளில் வெண்மார்பு மீன்கொத்திகள் அமர்ந்திருக்கின்றன. இவ்வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவரிடம் இப்பறவைகளின் பெயர்களைக் கேட்டால், ‘கொக்கு’ என்ற ஒரு சொல்லுக்குள் பலவும் அடங்கிவிடும். அதே மாணவர் தேர்வுத்தாளில் ஐந்திணைக்குரிய கருப்பொருள்களைப் பட்டியலிட்டு முழு மதிப்பெண் பெறவும் கூடும்.

இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்ற வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். இந்நாட்டில் இயற்கை வரலாற்றைக் கற்பிப்பதையும் பதிப்பிப்பதையும் எட்டுப் பதிற்றாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் அமைப்பு மலேசிய இயற்கைக் கழகம் ஆகும். 1940-ஆம் ஆண்டு மலாயா இயற்கைக் கழகம் என்ற பெயரில் தோன்றிய அவ்வமைப்பின் வளர்ச்சியை இக்கட்டுரை மூன்று நிலைகளில் நோக்குகிறது: அது எதைப் பதிப்பித்தது, யாருக்குக் கற்பித்தது, எம்மொழியில் பேசியது என்பனவே அவை. கழகத்தைப் பாராட்டுவதோ பழிப்பதோ நோக்கமன்று. அதன் வளர்ச்சியில் தமிழர் பெறாத இடத்தையும், அந்த இடம் வெறுமையாய் இருப்பதற்குத் தமிழ்ப்புலத்திற்கு உள்ள பொறுப்பையும் கணக்கிடுவதே நோக்கமாகும்.

ஒரே வேரில் இரு கிளைகள்

கழகத்தின் முன்வரலாறு பேராக்கில் தொடங்குகிறது எனலாம். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த 22 இரப்பர்க் கன்றுகளுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே அவற்றை வளர்த்தெடுத்தவர் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பணியாற்றிய சர் ஹியூ லோ ஆவார். அவர் ஆட்சியாளர் மட்டும் அல்லர்; தாவரங்களைத் தேடிச் சேகரித்த இயற்கையாளரும் ஆவார். போர்னியோ மலைகளில் வளரும் குடுவைச்செடி வகை ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1883-ஆம் ஆண்டு தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் நிறுவப்பட்டதற்கும் அவரே காரணர். இந்நாட்டின் முதல் அருங்காட்சியகம் அது. அதன் முதற் காப்பாளரான லியோனார்ட் ரே பாடஞ்செய்யப்பட்ட விலங்குகளையும் தாவரங்களையும் கைவினைப் பொருள்களையும் திரட்டினார். 1890-களில் அருங்காட்சியகக் குறிப்புகளும் வெளியிடப்பட்டன. பொருளைத் திரட்டுதல், காட்சிப்படுத்துதல், அச்சிடுதல் என்னும் மூன்று பணிகளும் ஓரிடத்தில் இணைந்த நிலையை இங்குக் காண்கிறோம்.

அதே 1883-ஆம் ஆண்டில்தான் மும்பையில் எட்டுப் பேர் கூடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. அக்கழகம் 1886 முதல் ஆய்விதழ் வெளியிட்டது. 1941-இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தபின், ஆய்வாளர்க்கு அப்பாலுள்ள பொதுவாசகரும் பறவை நோக்கத் தொடங்கினர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் இயற்கை வரலாறு ஒரே பாங்கில் நிறுவனமயமாகியது என்பதற்கு இவ்விரு தொடக்கங்களும் சான்றாகும்.

ஆயினும் பேராக்கிற்கென ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே காட்டை ஆவணப்படுத்திய கையும் காட்டை மாற்றியமைத்த பயிரை ஊன்றிய கையும் ஒன்றாகவே இருந்தன. லோ நட்ட இரப்பர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களாக விரிந்தது. அத்தோட்டங்களுக்காகவே தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் கங்காணி முறையில் கொண்டுவரப்பட்டனர். எனவே, இந்நாட்டில் இயற்கை வரலாற்று நிறுவனங்களின் தொடக்கமும் தோட்டப்புறத் தமிழர் வாழ்வின் தொடக்கமும் ஒரே வேரில் கிளைத்தவை எனலாம். ஒரு கிளை நூலாகவும் இதழாகவும் வளர்ந்தது. மற்றொரு கிளை நிரை நிரையாக மரம் வெட்டும் உழைப்பாக வளர்ந்தது.

இவ்விணைப்பு லோவோடு முடியவில்லை. கீழ்ப் பேராக்கில் தோட்ட அதிகாரியாக இருந்த ஏ. டி. எட்கர், பேராக் பறவைகள் கூடுகட்டும் இயல்பு பற்றி 1933-இல் ராஃபிள்ஸ் அருங்காட்சியக இதழில் எழுதினார். தோட்ட அதிகாரிகள் நெடுங்காலம் கையாண்ட இரப்பர் பயிரிடல் கையேட்டின் ஆசிரியரும் அவரே. காலையில் மரம் வெட்டும் வேலையை மேற்பார்த்து, ஓய்வு நேரத்தில் கூடுகளைக் குறித்துவைத்த அதிகாரிக்கு இதழ் ஒன்று இருந்தது. அதே நிரையில் விடியற்காலை முதல் நின்றவர் கண்ட கூடுகள் எந்த இதழிலும் ஏறவில்லை. காணும் கண் இருவர்க்கும் உண்டு. பதியும் ஏடு ஒருவர்க்கே வாய்த்தது.

கழகத்தின் தோற்றமும் பதிப்புப் பணியும்

1940-இல் கழகம் தோன்றியபோதே அதன் ஆய்விதழும் தோன்றியது. உறுப்பினர் சந்திப்பும் களப்பயணமும் மறைந்துபோகும் நிகழ்வுகள். இதழ் அவற்றை நிலைபெறச் செய்யும். இவ்வுண்மையைக் கழகம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. வேட்டை விலங்குக் காப்பாளர், காவல்துறை அதிகாரி, தோட்ட அதிகாரி, ஆசிரியர் எனப் பல துறையினரின் நேரடிக் கவனிப்புகள் அதில் இடம்பெற்றன. தொழில்முறை அறிவியலாளர் அல்லாதாரின் குறிப்பும் மதிப்புடையது என்னும் கொள்கையே அவ்விதழின் உயிர்நாடி எனலாம். கழகத்தின் நெடுவாழ்வுக்கு அக்கொள்கையே முதற்காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

இதழ் வேரூன்றுமுன் ஜப்பானியர் ஆட்சி வந்தது. காவல்துறை அதிகாரியான ஜி. சி. மேடக் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். மலாயாப் பறவைகளுக்கான அறிமுக நூலொன்றைச் சிறையிலிருந்தபடியே நினைவைத் துணைகொண்டு அவர் எழுதி முடித்தார். போருக்குப்பின் 1947-இல் அது வெளிவந்தது. பட்டினிக்கும் நோய்க்கும் இடையே சிறகின் நிறத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் நினைவிலிருந்து மீட்டெடுத்த அந்நூல், இயற்கை வரலாறு மனத்தின் உறுதிக்கு எவ்வளவு துணையாகும் என்பதற்கு நிலைத்த சான்றாகும். பொதுவாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்ட அந்நூலின் எளிமை இன்றும் பாராட்டத்தக்கது.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்திரளான தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடர்ந்த காட்டினூடே பாதை அமைத்த அவர்களுள் பலர் திரும்பவில்லை. அக்காட்டின் மூங்கிலையும் அட்டையையும் மழையையும் அவர்கள் அறிந்த அளவு அறிந்தவர் சிலரே. அவ்வறிவு ஏட்டில் ஏற அரை நூற்றாண்டு ஆயிற்று; ஏறியபோதும் புதினமாகவே ஏறியது. சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ஒரு துன்பத்தை மற்றொன்றோடு எடைபோட இதனைக் கூறவில்லை. எழுத்தறிவும் தாளும் பதிப்பிக்கும் அமைப்பும் எவரிடம் உள்ளனவோ, அவர் கண்ட காடே வரலாற்றில் காடாக நிலைக்கிறது என்பதைச் சுட்டவே கூறப்பட்டது.

கழகத்தின் பதிப்புப் பணியில் மற்றொரு மைல்கல் 1988-ஆம் ஆண்டுக்குரியது. இ. ஜே. எச். கார்னரின் மலாயாச் சாலையோர மரங்கள் பற்றிய பெருநூல் முதலில் 1940-இல் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பைக் கழகமே வெளியிட்டது. அந்நூலின் சிறப்பு அதன் தலைப்பிலேயே உள்ளது. ஆழ்காட்டின் அரிய மரத்தைத் தேடிச் செல்லவேண்டா. வீட்டு வாயிலில் நிற்கும் மரத்திலிருந்து தொடங்குக என்பதே அதன் அணுகுமுறை. அரை நூற்றாண்டு பழைய நூலொன்றைப் புதுக்கி வாசகர் கையில் மீண்டும் சேர்ப்பதும் பதிப்புநிறுவனத்தின் கடமையே என்பதைக் கழகம் இதன்வழி மெய்ப்பித்தது. பறவை நோக்குவோர்க்கான செய்தியேடு, உறுப்பினர் மடல், படங்களுடன் கூடிய பொது இதழ் எனப் பல்வேறு வாசகர்க்குப் பல்வேறு வடிவங்களை அது பின்னர் உருவாக்கிக்கொண்டது.

களமும் வகுப்பறையும்

விடுதலைக்குப்பின் கழகம் எதிர்கொண்ட பெரும் வினா, பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வுநேர மன்றமாகத் தொடங்கிய அமைப்பு புதிய நாட்டின் அமைப்பாக மாறுமா என்பதே. அது மாறியது. 1978 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தலைமை ஏற்ற டாக்டர் சாலே முகமட் நோரின் காலத்தில் கழகம் ஆய்வு, கல்வி, காப்பு ஆகிய மூன்றையும் இணைத்தது. 1985-86-இல் நடந்த எண்டாவ்-ரொம்பின் ஆய்வுப்பயணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அறிவியலாளரும் தொண்டர்களும் காட்டிற்குள் சென்று திரட்டிய செய்திகள் ஆய்விதழில் வெளிவந்தன. பொதுமக்கள் கருத்து திரண்டது. 1993-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. 1993-94-இல் பேராக்கின் வடபகுதியிலுள்ள பெலும் காட்டிற்கு மற்றோர் ஆய்வுப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. அக்காட்டின் ஒரு பகுதி 2007-இல் அரச பெலும் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பதிப்பிக்கப்பட்ட ஆய்வு சட்டமாக மாறும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

1987-இல் கோலசிலாங்கூரில் மாநில அரசின் ஒத்துழைப்புடன் இயற்கைப் பூங்கா அமைந்தது. அலையாத்திக் காட்டில் மாணவர் நடந்து சென்று கற்பதற்கு அது வழிசெய்தது. 1991-இல் பள்ளிகளில் இயற்கை அன்பர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. கழகத்தின் கல்விப் பணியில் இதுவே மிகப் பெரிய விரிவு. ஆங்கிலம் கற்ற நகர்ப்புறத்தாரின் ஈடுபாடாக இருந்த இயற்கை நோக்கல், மலாய் மொழி வழியாக நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குச் சென்றது. அரசுப் பாடத்திட்டத்திற்குப் போட்டியாக நில்லாமல், புறப்பாட நடவடிக்கையாக நுழைந்தது கழகத்தின் மதிநுட்பமாகும்.

ஆயினும் இவ்வளர்ச்சியை மொழி அடிப்படையில் நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கழகத்தின் ஆய்விதழ் ஆங்கிலத்தில் வந்தது. பள்ளி மன்றப் பணி மலாய்க்கு வாயில் திறந்தது. அதன் பணிமொழிகளுள் தமிழ் இடம்பெறவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் இம்மன்றங்களில் சேரத் தடையில்லை. ஆனால் களத்தில் கண்டதை வீட்டில் பாட்டியிடம் எடுத்துரைக்கும் மொழியில் கையேடு இல்லை. இக்குறைக்குக் கழகத்தை மட்டும் பொறுப்பாக்குவது முறையன்று. மலாயில் எழுத மலாய் ஆசிரியரும் அறிவியலாளரும் முன்வந்தனர்; தமிழில் எழுத நாம் முன்வந்தோமா என்பதே கேட்கவேண்டிய வினா.

தமிழுக்கு வந்ததும் வராததும்

இந்நாட்டில் சுற்றுச்சூழல் பற்றிய எழுத்து தமிழில் அறவே இல்லை என்று கூறமுடியாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தன் ஏட்டைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளியிட்டது. அதனை நெடுங்காலம் வழிநடத்திய எஸ். எம். முகமட் இத்ரிஸ் 2019-இல் மறைந்தார். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, குடிநீர் மாசு ஆகியவை பற்றி எளிய தமிழில் தோட்டப்புறத்தார்க்கு எச்சரிக்கை விடுத்த பெருமை அவ்வியக்கத்திற்கு உண்டு. அவ்வெச்சரிக்கைக்கு அழுத்தமான தேவையும் இருந்தது. களைக்கொல்லி தெளித்தவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டப்புறப் பெண்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். ‘பாராகுவாட்’ என்னும் களைக்கொல்லிக்கு 2002-இல் இந்நாட்டில் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது.

ஆக, இயற்கை பற்றிய இருவகை எழுத்து இந்நாட்டில் வளர்ந்துள்ளது. ஒன்று, இயற்கை நமக்கு இழைக்கும் அல்லது நாம் இயற்கைக்கு இழைக்கும் தீங்கைப் பேசும் எழுத்து. மற்றொன்று, உயிர்களின் வடிவையும் வாழ்வையும் வியந்து நோக்கிப் பெயரிடும் எழுத்து. முதல்வகை தமிழுக்கு வந்தது. இரண்டாம் வகை வரவில்லை. நஞ்சு பற்றிய எச்சரிக்கை தமிழில் கிடைத்தது. நாரை பற்றிய கையேடு கிடைக்கவில்லை. உழைப்பவர் பாதிப்புக்கு உள்ளாவோராக மட்டுமே கருதப்பட்டனர். அறிவோராகவும் மகிழ்வோராகவும் கருதப்படவில்லை. தீங்கை மட்டும் கற்ற சமுதாயம் இயற்கையை அஞ்சும். அதனைக் காக்க முன்வருவதற்கு வியப்பும் வேண்டும்.

தமிழகத்தின் நிலை ஒப்பீட்டிற்கு உதவும். அங்கும் சென்னை இயற்கையாளர் கழகம் போன்றவை ஆங்கில இதழ் வழியே வளர்ந்தன. எனினும் ஆங்கிலத்தில் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாக்கினார். பாஸ்கரனின் ‘இன்னும் பிறக்காத தலைமுறைக்காக’ சூழலியல் கட்டுரைக்குரிய தமிழ்நடை ஒன்றை நிலைநிறுத்தியது. க. ரத்னம் பறவைகளின் வழக்குப் பெயர்களைத் திரட்டினார். பூவுலகின் நண்பர்கள் அமைப்பு சிறுநூல்களைத் தமிழில் வெளியிட்டது. இவர்கள் யாவரும் பெரும் நிறுவனத்தின் அழைப்புக்காகக் காத்திருந்தவர் அல்லர். மொழியறிவும் கள அறிவும் ஒருவரிடமே கூடியதால் இவ்வெழுத்து பிறந்தது. மலேசியத் தமிழுலகில் அக்கூட்டு அரிதாகவே நேர்ந்துள்ளது.

தமிழ்ப்புலத்தின் பொறுப்பு

இங்கு நம் துறையை நோக்கியே வினா திரும்புகிறது. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தைக் கிரேக்க, இலத்தீன், வடமொழி இலக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த தனிநாயகம் அடிகள், 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தார். அவ்வாய்வின் திருந்திய வடிவம் ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1966-இல் வெளிவந்தது. அதே ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. 1974-இல் அப்பல்கலைக்கழக வளாகத்திலேயே ‘ரிம்பா இல்மு’ என்னும் தாவரவியல் தோட்டம் அமைந்தது. திணைக்கோட்பாட்டைக் கற்பிக்கும் துறையும் வெப்பமண்டலத் தாவரங்களைக் கற்பிக்கும் தோட்டமும் ஒரே வளாகத்தில் உள்ளன. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு நடந்து கடக்கும் தொலைவே. பாடத்திட்டத்தில் அத்தொலைவு பெரிதாகவே இருந்து வருகிறது.

சங்க இலக்கியத்தின் செடிகொடிகளையும் புள்ளினங்களையும் விலங்குகளையும் அறிவியல் நோக்கில் இனங்கண்டு பி. எல். சாமி நூல்கள் எழுதினார். அவற்றை நாம் மேற்கோளுக்காகப் பயன்படுத்துகிறோம். களத்திற்கு எடுத்துச் செல்வதில்லை. எடுத்துச் சென்றால் நேரும் பயனை இரு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

குறுந்தொகையில் கபிலர் பாடிய பாட்டொன்றில், களவுமணம் நிகழ்ந்தபோது உடனிருந்த ஒரே சான்று ஒரு குருகு என்று தலைவி வருந்துகிறாள். அக்குருகு ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்றதாம். வகுப்பறையில் இதனைத் தலைவியின் தனிமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்துவிடுகிறோம். ஈயக்குட்டையின் கரையில் கால்மணி நேரம் நின்று ஒரு நாரையை நோக்கிய மாணவருக்கே அப்பாட்டின் கூர்மை புலப்படும். மீனை எதிர்நோக்கும் நாரை அசைவதில்லை. அதன் கண் நீரைவிட்டு அகல்வதில்லை. கரையில் நடப்பதை அது பொருட்படுத்துவதில்லை. அத்தகைய ஒன்றே தனக்குச் சான்று என்னும்போது, சான்றே இல்லாத நிலையினும் கொடிய நிலையைத் தலைவி உரைக்கிறாள். இப்பொருள் உரைநூலால் மட்டும் விளங்குவதன்று. பறவையின் இயல்பை அறிந்தாலே முழுதும் விளங்கும்.

மற்றொன்று நற்றிணையில் உள்ளது. இரவில் குழறித் தங்களை அச்சுறுத்த வேண்டா என்று கூகையை வேண்டும் பாட்டு அது. அவ்வாறு செய்யாதிருந்தால் எலியின் சுட்ட இறைச்சியோடு விருந்தளிப்பதாக அக்கூகைக்கு உறுதி கூறப்படுகிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலியின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தக் கம்பங்களின்மேல் கூட்டுப்பெட்டிகள் வைத்துக் கூகைகளை வளர்க்கின்றனர். முன்பு இந்நாட்டில் அரிதாக இருந்த அப்பறவை, செம்பனையும் அதனை உண்ணும் எலியும் பெருகியபின் தானும் பெருகியது. தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் வழியில் அப்பெட்டிகளைக் காணும் மாணவருக்குச் சங்கப்புலவர் கூகையின் உணவை அறிந்தே விருந்து கூறினார் என்பதை விளக்கினால், இலக்கியமும் அறிவியலும் ஒரே நேரத்தில் கைவரும். கூகை தீய சகுனம் என்ற அச்சமும் குறையும்.

மலேசியத் தமிழ்ப் புனைகதையும் இவ்வகையில் மறுவாசிப்புக்கு உரியது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’, எம். குமரனின் ‘செம்மண்ணும் நீல மலர்களும்’ ஆகிய தலைப்புகளே மரத்தையும் மண்ணையும் மலரையும் முன்னிறுத்துகின்றன. தோட்டப்புறப் புனைகதையைக் கூலி, சுரண்டல், துயர் ஆகியவற்றின் ஆவணமாக நம் திறனாய்வு வாசித்துள்ளது. அவ்வாசிப்பு தேவையானது, எனினும் முழுமையானதன்று. அக்கதைகளில் வரும் புல், பாம்பு, மழை, பனி, மணம் ஆகியன ஒரு நிலப்பரப்பு பற்றிய அறிவின் பதிவுகளாகும். அவற்றைத் தொகுத்தாலே தமிழில் முதல் மலேசிய இயற்கைக் குறிப்பேடு உருவாகும்.

பெயரும் பொறுப்பும்

கிந்தாவின் சுண்ணாம்புக்கல் குன்றுகள் இன்றைய நெருக்கடியைக் காட்டுகின்றன. ஒவ்வொரு குன்றும் ஒரு தீவைப் போன்றது. ஒரு குன்றில் வாழும் சிறு நத்தை அடுத்த குன்றில் இல்லாமற் போகலாம். ஈப்போவிற்கு வடக்கே செம்மோர் அருகிலுள்ள கந்தான் குன்று சிமெண்டிற்காக வெட்டப்பட்டு வந்தது. அங்குக் கண்டறியப்பட்ட நத்தை வகை ஒன்றிற்கு 2014-இல் ஆய்வாளர்கள், குன்றை வெட்டிவந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே சூட்டினர். அவ்வுயிரின் எதிர்காலம் எவர் கையில் உள்ளதோ அவர் பெயரையே அதற்கு இடுவது பொறுப்பை நினைவூட்டும் உத்தியாகும். பெயரிடுதல் வெறும் அடையாளமன்று. அது உரிமை கோரலும் கடமை சுமத்தலும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய நிலவியல் பூங்காவாக ஏற்கப்பட்டுள்ளது. அதன் குன்றுகளையும் குட்டைகளையும் தமிழில் விளக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தமிழர்க்கு இந்நிலத்தில் பெயரிடும் ஆற்றல் இல்லாமல் இல்லை. பிரேசிலிலிருந்து வந்த, முன்பின் கண்டிராத மரத்திற்கு அவர்கள் ‘பால்மரம்’ என்று பெயரிட்டனர். ‘ஒட்டுப்பால்’, ‘கட்டிப்பால்’ என அதன் பயன்பொருளை வகைப்படுத்தினர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எண்ணெய்ப் பனை தமிழில் ‘செம்பனை’ ஆயிற்று. மலாய்ச் சொல்லான ‘லாலாங்’ தோட்டத்தமிழில் வேரூன்றியது. கோப்பிச் செடியைத் தாக்கிய புழுக்களை ஒழிக்க 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட காக்கைக்கு மட்டும் புதுப்பெயர் தேவைப்படவில்லை. அதுவும் அவர்களைப் போலவே கடல் கடந்து வந்த பழைய அண்டைவீட்டார். இப்பெயரீடுகள் அனைத்தும் கவனிப்பின் விளைவே. இவற்றைத் தொழிற்சொற்கள் என ஒதுக்காமல் இயற்கை அறிவின் சான்றுகளாக மதிக்கவேண்டும்.

காலம் குறுகியது என்பதும் கருதத்தக்கது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வருகின்றன. விடியற்காலை இருளில் மரம் வெட்டி, பாம்பையும் குளவிக்கூட்டையும் மூலிகையையும் அறிந்திருந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களின் அறிவு எந்த ஆய்விதழிலும் ஏறவில்லை. மறுபுறம், 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்ப்பள்ளியின் அறிவியல் தமிழ் இடையறவுக்கு உள்ளாயிற்று. அக்கொள்கை கைவிடப்படும் என்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் பற்றிய விவாதம் மீண்டும் எழுந்தது. ஒருபுறம் வாய்மொழி அறிவு மறைகிறது. மறுபுறம் வகுப்பறைச் சொல்வளம் தளர்கிறது.

ஆங்கிலமும் மலாயும் அறிந்த மாணவருக்குத் தமிழில் ஏன் பறவைக் கையேடு என்று சிலர் வினவலாம். அறிவியல் ஆய்வுக்கு உலகப் பெயர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நோக்கும் பழக்கம் ஆய்வகத்தில் தொடங்குவதன்று. வீட்டு முற்றத்தில் தொடங்குவது. ‘அது என்ன?’ என்று குழந்தை கேட்கும்போது கிடைக்கும் விடையின் மொழியே அப்பழக்கத்தின் மொழியாகும். மேலும், சம்பங்கோழி என்று அறிந்த மாணவருக்கே சங்க நூல்களின் ‘கம்புள்’ உயிருள்ள பறவையாகும்; மீன்கொத்தியைக் கண்டவருக்கே ‘சிரல்’ பொருள்படும். எனவே இது அறிவியல் கல்வியின் தேவை மட்டுமன்று. இலக்கியக் கல்வியின் தேவையும் ஆகும்.

முடிவுரை

மலேசிய இயற்கைக் கழகத்தின் வளர்ச்சி மூன்று படிப்பினைகளைத் தருகிறது. தொழில்முறை அறிவியலாளர் அல்லாதாரின் கவனிப்பும் மதிப்புடையது. பதிப்பிக்கப்பட்ட கவனிப்பே நிலைபெறும். பள்ளிக்குள் நுழைந்த அறிவே தலைமுறை தாண்டும். இம்மூன்றையும் கழகம் தன் இரு மொழிகளில் செய்துகாட்டியுள்ளது. மூன்றாம் மொழியில் அதனைச் செய்யவேண்டியவர்கள் தமிழாசிரியரும் ஆய்வாளருமே ஆவர்.

அதற்குப் பெரும் நிதியோ கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வளாகத்திலும் அருகிலும் காணப்படும் மரங்கள், பறவைகள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், முதியோர் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பதியும் ஏடொன்றைத் தொடங்கலாம். நம் துறையின் இளங்கலை மாணவர் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளரிடம் சென்று அப்பெயர்களைத் திரட்டுவதைக் கள ஆய்வாக ஏற்கலாம். திணை பற்றிய பாடத்தில் ஒரு வகுப்பையேனும் குட்டைக்கரையில் நடத்தலாம். இவ்வாறு திரண்டவற்றைச் சரிபார்க்கவும் வகைப்படுத்தவும் கழகத்தின் துணையை நாடலாம். இருதரப்பும் பெறுவதற்கும் தருவதற்கும் நிறைய உண்டு.

ஹியூ லோ நட்ட மரங்களுக்காக வந்தவர்கள் அம்மரத்திற்குப் பெயரிட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அம்மரம் நின்ற நிலத்தின் பிற உயிர்களுக்கும் பெயர் சொல்லக் கற்கவேண்டும். லகாட்டின் குட்டையில் நாரை இன்னும் நிற்கிறது. அதனைத் தமிழ் வகுப்புக்குள் கொண்டுவருவது தமிழாசிரியரால் இயலும் பணியே.